அத்தியாயம் 6: எதிர்வண்டி இல்லாத விபத்தும் இழப்பீடும்

பூதலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் விபத்து என்றால், விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வண்டி மோதுச்சு?" என்பதுதான். "ஒண்ணும் மோதலங்க, தானா விழுந்துட்டாங்க" என்று பதில் வந்துவிட்டால், "அப்ப கேசு ஒண்ணும் நிக்காது" என்று திண்ணையிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பை நம்பி, கிடைக்க வேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்ட குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம். கிடைக்காத பணத்துக்காக வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறிய குடும்பங்களும் உண்டு. இரண்டு தவறையும் தவிர்க்க உதவுவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

ஒற்றை வண்டி விபத்தில் இழப்பீட்டைத் தீர்மானிப்பவை மூன்று. அந்த வண்டியில் நீங்கள் யாராக இருந்தீர்கள்? விபத்துக்கு முன்பு என்ன பாலிசி வாங்கியிருந்தீர்கள்? முதல் நாளில் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் என்ன சொன்னீர்கள்? மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பின்புதான்.

எதனால் விழுந்தது என்பது ஏன் முக்கியம்

நம் வட்டாரத்தில் வண்டி தானாகச் சாய்வதற்கான காரணங்கள் ஊரறிந்தவை. குறுவை, சம்பா அறுவடை நேரத்தில் தார்ச்சாலையின் பாதியில் நெல் காயும். நெல்லைக் காக்க ஓரத்தில் கல் அடுக்கியிருக்கும். இரவில் அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. வயலிலிருந்து ஏறும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் சாலையில் சேற்றை இழுத்துவிட்டுப் போகும்; சிறு தூறல் விழுந்தாலே அது வழுக்கும். கல்லணைக் கால்வாய்க் கரையிலும் வெண்ணாற்றங்கரையிலும் வளைவுகள் திடீரென்று திரும்பும். சிறிய மதகுப் பாலங்கள் சிலவற்றில் கைப்பிடிச் சுவர் உடைந்து கிடக்கும். சாலையை உயர்த்திப் போட்டுவிட்டு, ஓரத்தில் மண் அணைக்காமல் விட்டிருப்பார்கள். இவை போதாதென்று நாய், ஆடு, மாடு, வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை.

காரணம் எதுவோ, அதைப் பொறுத்துப் பொறுப்பாளி மாறுவார். ஓட்டியவர் வேகமாகப் போய் வளைவில் சாய்த்திருந்தால், பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அவர் பொறுப்பு. சாலையில் கல் அடுக்கியவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவின்படி, பொதுவழியில் தடை ஏற்படுத்தியதாக வழக்கு வரலாம். எச்சரிக்கைப் பலகை இல்லாமல் தோண்டிய பள்ளம் என்றால், சாலையைப் பராமரிக்கும் துறையும் ஒப்பந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும். அறுந்து கிடந்த மின்கம்பி என்றால் மின்வாரியத்தின் பொறுப்பு. தேங்கிய மழைநீரில் கிடந்த கம்பி மீது சைக்கிளில் ஏறி இறந்தவரின் வழக்கில், கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை, மின்வாரியம் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லியிருக்கிறது.

ஆகவே முடிந்தால் அன்றைக்கே, தவறினால் மறுநாள் காலையில், உறவினர் ஒருவர் இடத்துக்குப் போய்ச் செல்போனில் படம் எடுக்க வேண்டும். சறுக்கிய தடம், கல், நெல், சேறு, பள்ளம், அருகிலுள்ள மைல்கல் அல்லது மின்கம்ப எண் எல்லாம் படத்தில் வரட்டும். இரண்டு நாளில் நெல்லை அள்ளிவிடுவார்கள், கல்லும் போய்விடும்.

வண்டியில் நீங்கள் யார்?

1. சொந்த வண்டியை ஓட்டிய உரிமையாளர்

தேர்டு பார்ட்டி காப்பீடு என்பது உங்களால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது. உங்கள் தவறால் உங்களுக்கே ஏற்பட்ட காயத்துக்கு அதிலிருந்து கேட்க முடியாது. ஆடு குறுக்கே வந்ததைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதி இறந்த வண்டி உரிமையாளரின் குடும்பத்துக்கு, இந்தக் காரணத்தால்தான் உச்ச நீதிமன்றம் 2007இல் இழப்பீடு இல்லை என்றது.

உங்களுக்கு இருப்பது 'பி.ஏ. கவர்', அதாவது உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு. முன்பு இருசக்கர வண்டிக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் என்று இருந்தது. அந்தத் தொகை போதாது, 15 லட்சமாவது வேண்டும் என்று 2017 அக்டோபரில் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம். அதைப் பின்பற்றி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 செப்டம்பரில் தொகையை 15 லட்சமாக உயர்த்தியது. இறப்புக்கும், இரு கை அல்லது இரு கால் அல்லது இரு கண் பார்வை போவதற்கும், நிரந்தர முழு ஊனத்துக்கும் முழுத் தொகை. ஒரு கை அல்லது ஒரு கால் அல்லது ஒரு கண் பார்வை போனால் பாதி.

இதில் மூன்று கண்ணிகள் உண்டு. எலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்திருந்தாலும் இந்தக் காப்பீட்டில் பணம் வராது. உறுப்போ பார்வையோ நிரந்தரமாகப் போயிருக்க வேண்டும். அடுத்தது, ஆர்.சி. புத்தகமும் பாலிசியும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பழைய வண்டியை வாங்கி, பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவருக்கு இந்த 15 லட்சம் கிடைப்பது மிகக் கடினம். மூன்றாவது, செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் வேண்டும். மது அருந்தியிருந்தால் நிறுவனம் மறுத்துவிடும்.

2. இரவல் வண்டி ஓட்டியவர்

மச்சான் வண்டி, சித்தப்பா வண்டி, பக்கத்து வீட்டுக்காரர் வண்டி என்று எடுத்துப் போவது நம் ஊரில் சாதாரணம். ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு இரவல் வாங்கி ஓட்டுகிறவரும் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார் என்பதே நீதிமன்றங்களின் நிலை. கர்நாடகத்தில் மல்லசந்திராவிலிருந்து அரசிகெரே நோக்கிப் போன கார் 2014 ஜூனில் கவிழ்ந்து ஓட்டியவர் இறந்தார், கார் அவருடையதல்ல. குடும்பம் 80 லட்சம் கேட்டது. அதிவேகமாகவும் அலட்சியமாகவும் ஓட்டியது அவரேதான் என்று கண்ட நீதிமன்றங்கள் மறுத்தன. 2025 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

இருந்தாலும் கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. டயர் வெடித்த ஒரு விபத்தை ஒட்டி, தவறு யாருடையது என்று பாராமல் இழப்பீடு தரும், மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய 163அ பிரிவின்கீழ் உரிமையாளரின் வாரிசுகளும் கேட்கலாமா என்ற கேள்வியை, உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பியிருக்கிறது. உங்கள் வழக்கறிஞரிடம் இதைச் சொல்லி, இன்றைய நிலை என்ன என்று கேளுங்கள். ஆனால் இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

3. பின்னிருக்கையில் வந்தவர்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். கணவர் ஓட்ட, மனைவி பின்னால் உட்கார்ந்து வந்து, வண்டி சறுக்கி அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால், ஓட்டியவரின் கவனக்குறைவுக்காக மனைவி இழப்பீடு கேட்கலாம். கணவர் என்பதால் அந்த உரிமை போய்விடாது. மனைவி இறந்துவிட்டால், தவறு செய்த கணவர் தன் பங்குக்குக் கேட்க முடியாது, பிள்ளைகள் கேட்கலாம்.

பணம் யார் தருவது என்பதைப் பாலிசி தீர்மானிக்கும். 'ஃபுல் கவர்' எனப்படும் பேக்கேஜ் பாலிசியில் பின்னிருக்கைக்காரரும் காரில் பயணிப்பவரும் அடங்குவர். காப்பீட்டு ஆணையம் 2009இல் இதைத் தெளிவுபடுத்தியது. உச்ச நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். தீர்ப்பு வண்டிக்காரர் மீது மட்டும் வரும். புது பைக் வாங்கும்போது தேர்டு பார்ட்டியை 5 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். "இன்சூரன்ஸ் அஞ்சு வருஷத்துக்கு இருக்கு" என்று நிம்மதியாக இருப்பவர், இரண்டாம் ஆண்டிலிருந்து பின்னிருக்கைக்குப் பாதுகாப்பு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

4. கூலிக்கு வண்டி ஓட்டியவர்

டிராக்டர், அறுவடை இயந்திரம், லோடு வண்டி என எதில் வேலை செய்தாலும், வேலை நேரத்தில் கவிழ்ந்தால் ஊழியர் இழப்பீடு உண்டு (2025 நவம்பர் வரை 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது). அங்கே ஓட்டுநரின் தவறா என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழும் கேட்க வழியிருந்தால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கூலி தந்ததற்கு ஏதாவது ஒரு தடயம் வைத்திருங்கள். கூகுள் பே பதிவுகூடப் போதும்.

5. லோடு வண்டியிலும் டிரெய்லரிலும் ஏறிய நடவாள்கள்

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றிப் போய்க் கவிழ்ந்தால், அவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்பது 2003இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலை. டிராக்டர் டிரெய்லருக்கும் நிறுவனங்கள் இதே வாதத்தைத்தான் வைக்கும். விலக்கு ஒன்று உண்டு: தன் நெல் மூட்டையோடு கூடப் போகும் சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் பாலிசிக்குள் வருவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் அப்படி வரமாட்டார்கள். சில வழக்குகளில் நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவாகிறது. அதை எல்லோருக்கும் உறுதி சொல்ல முடியாது. ஒரு டிரெய்லரில் பதினைந்து பெண்கள் போகிறார்கள் என்றால், பதினைந்து குடும்பங்கள் காப்பீடு இல்லாமல் போகின்றன. ஆள் கூப்பிடும் மேஸ்திரியும் நிலத்துக்காரரும் இதைப் படிக்க வேண்டும். பயணிகள் வண்டி அமர்த்துவதற்கு ஆகும் கூடுதல் செலவு, ஓர் உயிருக்கு உங்கள் நிலத்தை விற்றுக் கொடுப்பதைவிடக் குறைவு.

6. பேருந்து, ஆட்டோ, வாடகைக் காரில் வந்தவர்

பயணிக்கு இழப்பீடு கேட்க முழு உரிமை உண்டு. அரசுப் பேருந்துக்குத் தனியார் காப்பீடு இருக்காது; அரசுப் போக்குவரத்துக் கழகமே கொடுக்க வேண்டும். கீழே விழுந்த டிக்கெட்டைத் தேடி எடுத்து வையுங்கள். டிக்கெட் இல்லாவிட்டாலும் மருத்துவமனைப் பதிவும் உடன் வந்தவரின் சாட்சியும் உதவும்.

முதல் 48 மணி நேரம்

108ஐ அழையுங்கள். தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். தானாக விழுந்தவர், மோதி விழுந்தவர் என்ற பாகுபாடு அதில் இல்லை. இதோடு, 2025 மே 5இல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள்வரை 1.5 லட்ச ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது. அதற்குப் பிறகும் சிகிச்சை நீண்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். தலைக்காயம் என்று தெரிந்தால் நேராகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது நல்லது. வழியில் உள்ள சின்ன மருத்துவமனைகளில் நேரம் போக்காதீர்கள்.

மருத்துவமனையில் நுழைந்ததும் பணி மருத்துவர், "எப்படி நடந்தது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உங்கள் வழக்கின் அடித்தளம் இந்த நான்கைந்து வரிகள்தான். பயத்தில், "வீட்டுல வழுக்கி விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டால் பிறகு எந்த நீதிமன்றத்திலும் அதை மாற்றி எழுத முடியாது. தேதி, நேரம், இடம், வண்டி எண், யார் ஓட்டியது, யார் பின்னால் உட்கார்ந்தது, எப்படி விழுந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். நாய் குறுக்கே வந்தது உண்மை என்றால் சொல்லுங்கள். வண்டி வேகமாகப் போனதும் உண்மை என்றால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள். அழைத்துப்போகிறவர் நிதானமாகப் பேசக்கூடியவராக இருக்கட்டும்.

உயிர் போய்விட்டால், "உடம்ப அறுக்க வேணாம், அப்படியே கொடுத்துடுங்க" என்று குடும்பம் கெஞ்சும். அந்த வேதனையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் எந்த விபத்துக் காப்பீட்டையும் பெறுவது ஏறக்குறைய முடியாத காரியம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்து பத்து நாள் கழித்து இறந்தாலும், அடக்கம் செய்யும் முன் காவல் நிலையத்துக்குச் சொல்லிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காயத்தால்தான் மரணம் என்பதை அந்த அறிக்கைதான் சொல்லும்.

காவல் நிலையத்தில்

"நீங்களா விழுந்ததுக்கு எதுக்குங்க கேசு?" என்று நிலையத்தில் கேட்டால், "பின்னால வந்தவங்களுக்கு எலும்பு முறிஞ்சிருக்குங்க, புகார எடுத்துக்குங்க" என்று பணிவாக, உறுதியாகச் சொல்லுங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். ஓட்டியவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளிலும், மரணம் என்றால் 106(1)இலும் வழக்கு வரும். தனியாக ஓட்டியவரே இறந்திருந்தால், சந்தேக மரணம் என்ற வகையில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 194ஆம் பிரிவின்கீழ் பதிவாகும். தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு அந்த முதல் தகவல் அறிக்கை போதும்.

உடனே பதிவு செய்யவில்லை என்றால் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பலாம். அதுவும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். ஓட்டியவர் அண்ணனோ கணவரோ என்றால் குடும்பத்துக்குள் தயக்கம் வரும். அவர் மீது வழக்கு வரும் என்பது உண்மை. அதை மறைத்து உங்களைப் புகார் கொடுக்கத் தூண்டக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து பேசி, சிகிச்சைச் செலவையும் வழக்கின் சுமையையும் எடைபோட்டு முடிவெடுங்கள். ஆனால் சீக்கிரம் முடிவெடுங்கள்.

வண்டியைப் பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன், மோட்டார் வாகன ஆய்வாளரும் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயரும் பார்த்திருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் நாளிலேயே போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையையும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

இல்லாத வண்டியைக் கொண்டுவராதீர்கள்

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஒருவர் வருவார். "இப்படியே போட்டா ஒண்ணும் வராதுங்க. இன்சூரன்ஸ் இருக்கற வண்டி ஒண்ணு நான் ஏற்பாடு பண்றேன். அது மோதினதா போட்டுக்கலாம்" என்பார். இழப்பில் நிற்கும் குடும்பத்துக்கு அது உதவி போலத் தோன்றும். அது உதவி அல்ல. ஏ.ஆர். காப்பியில் ஒரு கதை, புகாரில் வேறு கதை, வண்டியில் மோதிய அடையாளமே இல்லை என்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பத்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். உத்தரப்பிரதேசத்தில் இப்படிப் பொய்யாகப் போடப்பட்ட மோட்டார் விபத்து வழக்குகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்து, வழக்கறிஞர்கள்கூட நடவடிக்கைக்கு உள்ளானார்கள். பொய் வண்டி வந்தால், உண்மையாகக் கிடைக்க வேண்டிய பி.ஏ. தொகையும், பின்னிருக்கைக்காரரின் இழப்பீடும் சேர்ந்து போகும். குடும்பமே மோசடி வழக்கில் நிற்கும்.

அடையாளம் தெரியாத வண்டி உண்மையிலேயே உரசிவிட்டுப் போயிருந்தால் அது வேறு. அதை முதல் நாளே சொல்லுங்கள். அதற்கு மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் என்று தனித் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது.

தீர்ப்பாயத்தில் வழக்கு

'எம்.சி.ஓ.பி. போடுவது' என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்லும் மனு இது. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் எதுவோ அங்கே போடலாம். பூதலூர்க்காரர்களுக்குத் தஞ்சாவூர் வசதி. திருத்தப்பட்ட சட்டப்படி ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்க்கும் வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன. காலம் தாழ்ந்தது என்ற காரணத்துக்காக மட்டும் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. கெடு தாண்டியவர்கள் மனம் தளர வேண்டாம். தாண்டாதவர்கள் ஆறு மாதத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழிகள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். நாய் குறுக்கே வந்து, ஓட்டியவர் மேல் குற்றமே இல்லாத விபத்தில் பின்னிருக்கைக்காரருக்கு இது பெரிய ஆதரவு. 166ஆம் பிரிவில் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும்; ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. 164இன்கீழ்ச் சமரசத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு செல்லாது. ஆகவே காயத்தின் நிரந்தர விளைவு தெரியும் முன், "ரெண்டரை லட்சம் உடனே தர்றோம்" என்பதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தொகை எப்படிக் கணக்காகிறது என்று பார்ப்போம். பின்னால் வந்தவருக்கு வயது 38, மாத வருமானம் 15,000 ரூபாய், சம்பாதிக்கும் திறனில் இழப்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில்காரருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பு. மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கும் எண் 15 என்பது 2009இன் சரளா வர்மா தீர்ப்பு. அதில் 20 சதவீதம் என்றால் 7,56,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலி, துணைக்கு ஆள் வைத்த செலவு, சிகிச்சைக் காலத்து வருமான இழப்பு எல்லாம் இதற்கு மேல்.

இங்கே ஊன சதவீதமும் சம்பாத்திய இழப்பும் ஒன்றல்ல. மருத்துவக் குழு, 'முழங்காலில் 30 சதவீதம்' என்று எழுதலாம். நாற்காலியில் வேலை செய்கிறவருக்கு அதனால் பெரிய இழப்பு இருக்காது; சேற்றில் இறங்கி நடவு நட்டவருக்கு வேலையே போய்விடும். உங்கள் வேலை என்ன, எந்த அசைவு இப்போது முடியவில்லை என்று சாட்சிக்கூண்டில் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 'விவசாயம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள்.

வருமானச் சான்று இல்லை என்று விவசாயக் குடும்பங்கள் கவலைப்படும். இருக்கிறது. சிட்டா, அடங்கல், நேரடி நெல் கொள்முதல் நிலைய ரசீது, நெல் பணம் வரவான வங்கிக் கணக்கு, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் பதிவு, பால் சொசைட்டி அட்டை, நூறு நாள் வேலை அட்டை எல்லாம் சான்றுதான். குத்தகைக்காரர் நிலத்துக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

கோப்பில் இருக்க வேண்டியவை:

- முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம்
- ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன்
- மருந்துக்கடை ரசீதுகள் தேதி வரிசையில். வாடகை வண்டிச் செலவும் சேர்த்து
- ஆர்.சி., பாலிசியின் எல்லாப் பக்கங்களும், ஓட்டுநர் உரிமம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை
- மருத்துவக் குழுவின் ஊனச் சான்று
- வருமானச் சான்றுகள், ஆதார், வங்கிப் புத்தகம்
- மரணம் என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் தஞ்சாவூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு வருவதை உறுதிசெய்யுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் பணம் விரைவில் வரும். ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது.

தீர்ப்பாயத்துக்கு வெளியே கேட்க வேண்டியவை

ஓட்டியவரே உரிமையாளர் என்றாலும் இவற்றைக் கேட்கலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் வங்கிக் கணக்கில் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில், 18 முதல் 70 வயதுவரை உள்ளவருக்கு மரணம் அல்லது முழு ஊனத்துக்கு 2 லட்சம், ஒரு கண் பார்வையோ ஒரு கை, காலோ போனால் 1 லட்சம் உண்டு. கணக்கு வைத்திருந்த கிளையில் 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். ஏ.டி.எம். அட்டையோடு வரும் விபத்துக் காப்பீட்டையும் அங்கேயே விசாரியுங்கள். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். தொழிலாளர் நலவாரிய உறுப்பினர் என்றால் அங்கும் உதவி உண்டு. இறந்தவரின் பாஸ்புக்கில் சின்னச் சின்னப் பிடித்தங்களைத் தேடிப் பாருங்கள். குடும்பத்துக்கே தெரியாத பாலிசி அதில் இருக்கக்கூடும்.

பி.ஏ. தொகையையோ மருத்துவக் காப்பீட்டையோ நிறுவனம் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம்வரை அவர் விசாரிக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. அங்கே கெடு இரண்டு ஆண்டு. லோடு ஆட்டோ ஓட்டுநரிடம் சாதாரண இலகுரக உரிமம்தான் இருந்தது என்பதைக் காரணமாகச் சொன்னால், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு அந்த உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டுங்கள்.

இன்றே பார்க்க வேண்டிய ஐந்து

1. ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே மாற்றுங்கள்.
2. பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் பி.ஏ. 15 லட்சம் இருக்கிறதா? இந்த ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறதா? 2019 முதல் இதைத் தனியாகவும் வாங்கலாம். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான்.
3. பின்னிருக்கைக்காரர் பாலிசிக்குள் வருகிறாரா? முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.
4. ஓட்டுநர் உரிமம் காலாவதியாகவில்லையே? வண்டி எடுக்கும் ஒவ்வொருவரிடமும் உரிமம் இருக்கிறதா?
5. வங்கியில் 20 ரூபாய்க் காப்பீடு வீட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் இருக்கிறதா? நியமனதாரர் பெயர் சரியா?

ஐந்துக்கும் 'ஆம்' என்று பதில் இருந்தால் பாலிசியை நகல் எடுத்து, ஓட்டாதவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். விபத்து நாளில் அதைத் தேடப்போவது ஓட்டியவராக இருக்காது.